இன்னும் ஒரு கதவு

மணிமொழி வேண்டுமென்றே செத்தாள்.

திரையில், தூண் மறைவில் ஒரு காவல்காரன் நின்றிருந்தான். அவன் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னால் மவுஸைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்திருந்தால் ஆள் காலி. ஆறு வயதிலேயே கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை அது. அவள் வலப்பக்கம் இழுத்தாள். குண்டுகள் சுவரில் போய்ப் பட்டன. திரை சிவந்து, சாய்ந்து, கறுத்துப்போனது.

"ஐயோ, போச்சே நைனா!"

சொன்ன குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தார் அவளுடைய அப்பா கதிரேசன். மடியில் கீபோர்டு கிடந்தது, அதன்மேல் அவருடைய இடது கை. வலது கை ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போய்ப் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். ஒரு மூச்சு முடிந்து அடுத்தது வருவதற்குள் மணிமொழியும் தன் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். நேற்றைவிட இன்று காத்திருக்கும் நேரம் அதிகமாகியிருந்தது.

"திரும்ப போடு" என்றார் கதிரேசன்.

போட்டாள். மறுபடியும் அதே நீண்ட நடைவழி, அதே மங்கல் விளக்கு, அதே தூண்.

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் கதிரேசன் நெட் சென்டர் வைத்திருந்த காலத்திலிருந்தே இரண்டு பேரும் இப்படித்தான் ஆடுவார்கள். கீபோர்டு அவருக்கு, மவுஸ் இவளுக்கு. அவர் நடப்பார், இவள் சுடுவாள். கதவு வந்தால் திறப்பதும் இவள்தான், மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அமுக்கி. சென்டருக்கு வரும் பையன்கள் கிண்டல் செய்வார்கள். "இன்னா அண்ணாத்த, ஒரு ஆள ஓட்ட ரெண்டு பேரா?" என்பார்கள். "எங்க சோல்ஜருக்கு ரெண்டு மூளைடா, ஒனக்கு ஒண்ணே டவுட்டு" என்பார் கதிரேசன்.

ஆட்டத்தின் பெயர் பங்கர். பூமிக்கடியில் மாட்டிக்கொண்ட ஒரு சிப்பாய் கதவு கதவாகத் திறந்துகொண்டு மேலே வரவேண்டும். மேலே வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. முடிந்ததை விட மனசு வராதவர்களுக்காகவே கம்பெனிக்காரன் எக்ஸ்பேன்ஷன் பேக் என்று ஒன்று போட்டான். அதே சிப்பாய், அதே துப்பாக்கி, புதிதாகச் சில லெவல்கள். தப்பித்து வெளியே வந்தவனை மறுபடி குழிக்குள் இறக்கிவிடுகிற வேலை. மொத்தம் மூன்று பேக். முதல் இரண்டையும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிடியாக வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆடித் தீர்த்தார்கள். மூன்றாவது இந்த ஊருக்கு வரவேயில்லை. அதற்குள் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, சென்டருக்குப் பூட்டு விழுந்தது. கதிரேசன் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போனார். மணிமொழி படித்து முடித்துத் தரமணிக்கு வேலைக்குப் போனாள்.

அப்புறம் அவருக்கு நுரையீரலில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள். கொஞ்ச நாளில், மறுபடி வந்துவிட்டது என்றார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது கதிரேசன் சிரித்தார்.

"மெயின் கேமு முடிஞ்சிச்சி மணி. இனிமே எக்ஸ்பேன்ஷன் பேக்குதான்."

அவளால் சிரிக்க முடியவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

"தா, அழுவாத. அந்த மூணாவது பேக்கு பாக்கி கீதுல்ல? அத்த முடிக்காம உங்கப்பன் எங்கியும் போமாட்டான். ஒம்மேல சத்தியம்."

தலையில் கை வைத்துச் செய்த சத்தியம். மணிமொழி அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது பேக்கைத் தேடிப் பிடித்தவர் மெஹபூப் அலி. நெட் சென்டருக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், கதிரேசனுக்கு உயிர் சிநேகிதர். இன்டர்நெட்டில் யார் யாரையோ கேட்டு வாங்கி, பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, கட்டிலோரம் ஒரு ஸ்டூலில் பொருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து தினம் கொஞ்சம் ஆட்டம். மணிமொழிக்கு ஒரு அவசரமும் இல்லை. டாக்டர் சொன்ன கெடு தாண்டியது. தீபாவளி தாண்டியது, பொங்கலும் தாண்டியது. ஆட்டம் முடியாத வரைக்கும் அவர் போகமாட்டார். எம்.காம். படித்தவள் இப்படி நம்புகிறாள் என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கடைசி லெவல், கடைசி நடை. அதன் கோடியில் ஒரு இரும்புக் கதவு. அதைத் திறந்தால் ஆட்டம் முடிந்துபோகும். நாலைந்து நாளாக மணிமொழி அந்தக் கதவுக்கு முன்னால் செத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் சிப்பாய் மூச்சு வாங்கினான். அடிபட்டால் அவன் அப்படித்தான் இழுப்பான், தொண்டையைக் கீறிக்கொண்டு. அடுப்படியிலிருந்து வந்த அம்மா பொன்மணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இவன் ஒருத்தன்! ஏன்டி இப்டி இழுக்கறான்? எது அவன் மூச்சு, எது இவர் மூச்சுன்னே தெரியல. எனக்கு அடிவயிறு கலங்குது. அத்த அமுக்குடி."

"இருக்கட்டும் பொன்னு" என்றார் கதிரேசன். "கூட இழுக்க ஒரு ஆளு கீறான்ல. கம்பெனிக்கு."

"வாயப் பாரு" என்றாள் பொன்மணி. கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டாள். கீழே யாரோ தண்ணி வந்துவிட்டது என்று கத்தினார்கள். குடங்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் ஓய்கிற வரைக்கும் கதிரேசன் காத்திருந்தார்.

"மணி."

"இன்னா நைனா?"

"அந்த தூணாண்ட நிக்கிறானே, அவன நீ சின்ன புள்ளையிலேயே அடிச்சிருப்ப."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சுட்டது.

"கை நடுங்குது நைனா. அதான்."

"கை நடுங்குனா ஒரு வாட்டி இப்டி போவும், ஒரு வாட்டி அப்டி போவும். நீ எல்லா வாட்டியும் சோத்துக்கை பக்கமே வுட்ற." மூச்சு வாங்கிக்கொண்டார். "பயமா கீதா?"

அவ்வளவுதான். அவளுக்குள்ளே அடைத்துவைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"ஆமா, பயமாத்தான் கீது! முடிச்சிட்டா நீ பூடுவ. நீதான சொன்ன? தலையில கைய வச்சி சொன்னல்ல? நான் தொறக்க மாட்டேன். எத்தினி வாட்டி செத்தாலும் தொறக்க மாட்டேன்."

கதிரேசன் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக மாறி, ஆளையே உலுக்கி எடுத்தது. மணிமொழி எழுந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. இருமல் அடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"லிஃப்டு சாவி ஞாபகம் கீதா?"

கார்த்திகை மாதம் முழுக்கத் தேடிய சாவி. அது கிடைக்காமல் அடுத்த லெவலுக்குப் போகமுடியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் ஒரு நாள் எதேச்சையாகத் தென்பட்டது.

"தண்ணி தொட்டிக்கு பின்னால, பீப்பா சந்துல. அதான?"

"மொத நாளே பாத்துட்டேன்."

"பின்ன ஏன் நைனா சொல்லல? எத்தினி நாளு சுத்துனோம்!"

"நீ ஏன் சோத்துக்கை பக்கம் சுட்ட? அதான் நானும்."

இத்தனை நாளும் அவள் ஒருத்திதான் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். வழி தெரியாதவர் மாதிரி முட்டுச் சுவருக்குள் போய் நின்று, "அடடா, இங்க இல்லியா?" என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர் எல்லாம் தெரிந்தே சொறிந்திருக்கிறார்.

"எனக்கு மட்டும் பயம் இல்லியா மணி? ராவானா கண்ண மூடவே பயமா கீது. அந்தாண்ட இன்னா கீதுன்னு யாரு கண்டா?" அவர் கையைத் தூக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. "ஆனா முடிலமா. நேத்துலேர்ந்து மூச்சு வுட்றதே ஒரு வேலையா பூட்ச்சி. இன்னிக்கி போலாமா?"

"நாளிக்கி போலாம் நைனா."

"நாளிக்கா?"

"நாளிக்கி கண்டிப்பா. இன்னிக்கி வோணாம்."

அவர் அவளைப் பார்த்தார். சின்ன வயதில் ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்தபோது பார்த்த அதே பார்வை.

"சரி. கதவாண்ட வரிக்கும் போவோம். தொறக்கறது ஒன் இஷ்டம். மவுஸு ஒங்கிட்டதான கீது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீபோர்டில் டபிள்யூ எழுத்து தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது, எழுத்தே இல்லை. முன்னே நடக்கிற விசை அதுதான். கதிரேசன் அதன்மேல் நடுவிரலை வைத்தார்.

இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை. தூண் மறைவில் நின்றவனை அவன் தலை தெரிந்ததுமே சுட்டாள். அடுத்து மேலே பாலத்தில் நின்றவன், அதற்கடுத்துப் படிக்கட்டில் வந்தவன். அவர் எங்கே நிற்பார், எங்கே குனிவார் என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. நெட் சென்டர் நாட்களில் ஆடியது போலவே ஆடினார்கள். "அப்டிப் போடு!" என்று கதிரேசன் ஒரு தடவை சொன்னார். அந்தக் குரலில் சீக்கே இல்லை. சிப்பாய்க்கும் இரண்டு மூன்று அடி விழுந்திருந்தது. இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி நடையின் கோடிக்கு வந்து, கதவுக்கு முன்னால் நின்றான்.

இரும்புக் கதவு. நடுவில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"தொற" என்றார் கதிரேசன்.

அவள் விரல் வலப்பக்கப் பொத்தானின் மேல்தான் இருந்தது. அமுக்க வரவில்லை.

"இரு நைனா. ஒரு நிமிஷம்."

"ம்" என்றார்.

கால்வாய் ஓரத்து மேம்பாலத்தில் பறக்கும் ரயில் போனது. அந்த ஹவுசிங் போர்டு வீட்டில் ரயில் போனால் ஜன்னல் கம்பி முதல் டம்ளர் வரைக்கும் ஆடும், வேறெதுவும் காதில் விழாது. ரயில் போய் முடிந்ததும் மணிமொழிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

சிப்பாய் நடந்துகொண்டிருந்தான்.

மூடிய கதவில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். டக் டக்கென்று பூட்ஸ் சத்தம் நிற்காமல் வந்தது, ஆனால் கதவு நகரவில்லை, அவனும் நகரவில்லை. கதிரேசன் அப்படி ஒருநாளும் செய்யமாட்டார். சுவரில் முட்டினால் உடனே விரலை எடுத்துவிடுவார். சென்டரில் எந்தப் பையனாவது அப்படி முட்டிக்கொண்டு நின்றால், "டேய், பூட்ஸு தேயுதுடா, ஒங்கப்பனா வாங்கித் தந்தான்?" என்று கத்துவார்.

அவர் இப்போது விரலை எடுக்கவில்லை.

திரும்பிப் பார்க்கவேண்டும். பக்கத்தில், கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறார். அவள் திரும்பவில்லை. கழுத்து மரத்துப்போயிற்று. சிவப்பு விளக்கையே பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து, தொண்டையைக் கீறிக்கொண்டு, சீராக. காலையிலிருந்து இந்த அறையில் இரண்டு மூச்சு இருந்தது. இப்போது ஒன்றுதான் இருந்தது.

பூட்ஸ் சத்தம் இருக்கிற வரைக்கும் விசை அமுங்கியிருக்கிறது. விசை அமுங்கியிருக்கிற வரைக்கும் அவர் அமுக்கிக்கொண்டிருக்கிறார். அப்படித்தானே? அவர் எங்கேயும் போகவில்லை, கதவண்டைதான் நிற்கிறார். நான் திரும்பாமல் இருந்தால் போதும். இப்படியே இருந்துவிடலாம். தெருவில் காய்க்காரன் முருங்கைக்காய் என்று கூவிக்கொண்டு போனான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பொன்மணி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக உள்ளே வந்தாள்.

"இன்னுமா முடியல ஒங்க சண்ட?" என்றாள். நின்று காது கொடுத்துக் கேட்டாள். அவள் முகம் தெளிந்தது. "இப்ப தேவலாம் போல கீதே. மூச்சு சீரா வருது. காத்தால நான் பயந்தே பூட்டேன்டி. எல்லாம் அந்த முண்டகக்கண்ணியம்மன் புண்ணியம்."

மணிமொழி சிவப்பு விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா குடத்தை இறக்கிவைப்பதும், கையைப் புடவையில் துடைத்துக்கொள்வதும், கட்டிலைச் சுற்றி வருவதும் அவளுக்குத் தெரிந்தது. வராதே அம்மா, அங்கேயே நில் என்று கத்தவேண்டும் போலிருந்தது.

"கஞ்சி தரட்டா?" என்றாள் பொன்மணி. அப்புறம், "மணிப்பா" என்றாள். அப்புறம் இன்னொரு தடவை, வேறு குரலில், "மணிப்பா?"

அப்போதும் சிப்பாய் நடந்துகொண்டிருந்தான்.

மெஹபூப் அலி வரும்போது வீடு நிறைந்திருந்தது. செருப்பைக் கூடக் கழற்ற மறந்து உள்ளே வந்தவர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முந்தாநேத்துதான மச்சி பேசினோம்" என்றார். யாரோ கதிரேசனின் தலையணைகளை எடுத்து அவரைச் சமமாகப் படுக்கவைத்திருந்தார்கள். அப்போது விசையிலிருந்து அவர் கை நழுவி, பூட்ஸ் சத்தம் நின்றிருந்தது. ஸ்பீக்கரில் சிப்பாயின் மூச்சு மட்டும் நிற்கவில்லை. கம்ப்யூட்டரை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. புதிதாக உள்ளே வந்த ஒரு பெண் அழத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "ஐயோ, மூச்சு வருதே! பாருங்க, மூச்சு வருது!" என்று அலறினாள். வராந்தாவில் நின்றவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். பொன்மணி அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, அதற்கு முன்னால் அழாத மாதிரி ஒரு அழுகை அழுதாள்.

மெஹபூப் அலிக்குத்தான் விளங்கியது. ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டினார்.

"வோணாம் மாமா" என்றாள் மணிமொழி. அவள் அந்த இடத்தைவிட்டு எழவேயில்லை.

"அது இல்லமா, எல்லாரும் பயப்பட்றாங்க."

"நானும்தான் மாமா. இருக்கட்டும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்தவன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடினான். அந்த அறையில் இருந்தது ஒரே பாயிண்ட். அதில் கம்ப்யூட்டர் பிளக் சொருகியிருந்தது. "அத்த எடுத்துக்கலாமாமா?" என்று பொதுவாகக் கேட்டான். ஒயரோடு அப்படியே நின்றான்.

கீழ்வீட்டுச் சுப்பம்மா வெள்ளைத் துணியைக் கீற்றாகக் கிழித்துக்கொண்டு வந்தாள். அந்தக் குடியிருப்பில் யார் செத்தாலும் வாய்க்கட்டு, கால்கட்டு, கைக்கட்டு எல்லாம் அவள்தான் போடுவாள். தாடையைக் கட்டினாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். வீங்கிய வலது கையை மெதுவாக எடுத்து நெஞ்சில் வைத்தாள். இடது கைக்கு வந்தபோது கீபோர்டு தடுத்தது.

"இத்த எட்து அந்தாண்ட வைம்மா. கட்டவெரல சேத்துக் கட்டணும். வெறச்சிட்டா அப்பால மடங்காது."

மணிமொழி கீபோர்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் கிடந்த கையை அப்போதுதான் பார்த்தாள். காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்த கை. திரையில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கதவண்டை நிறுத்திவைத்துவிட்டு, ஒரு நிமிஷம் இரு என்றாள். அவரும் ம் என்றார்.

"ஒரு நிமிஷம் பெரிம்மா" என்றாள்.

"இன்னாடி ஒரு நிமிஷம்? நேரமாவுது."

"வுடுங்கக்கா" என்றார் மெஹபூப் அலி.

தொடப் பயமாக இருந்தது. பெற்ற தகப்பனைத் தொட அப்படி ஒரு பயம். அவருடைய இடது கையைத் தூக்கினாள். அது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவில்லை. குளிர்ந்திருந்தது, ஆனாலும் இன்னும் விறைக்கவில்லை. நடுவிரலை நீட்டி, எழுத்து தேய்ந்த அந்த விசையின்மேல் வைத்தாள். அதன்மேல் தன் இடது விரலை வைத்துக்கொண்டாள். வலது கை மவுஸுக்குப் போனது.

"வா நைனா" என்றாள், அவர் காதுக்கு மட்டும்.

பொத்தானை அமுக்கினாள்.

கதவு கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போனது. இழவுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவருடைய விரலை அழுத்தினாள். பூட்ஸ் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை அது முட்டவில்லை, போய்க்கொண்டேயிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இழுப்பு குறைந்தது. அப்புறம் மூச்சுச் சத்தம் நின்றது. திரையில் ஏதோ எழுத்துகள் வரிசையாக மேலே ஏறத் தொடங்கின. மணிமொழி படிக்கவில்லை.

அவருடைய கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துச் சுப்பம்மாவிடம் கொடுத்தாள். சுப்பம்மா இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துத் துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

மணிமொழி எழுந்து, சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஐஸ் பெட்டிக்காரன் இன்னமும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இந்த பாயிண்டு காலியா கீதுண்ணா" என்றாள்.